அழித்த ஊறலின் கணக்கு

மதுவும் மக்களும் – வரலாற்றுத் தொடர் – 12

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் செய்தித்தாள்களில் ஆண்டு முழுக்க ஓயாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் போலீஸார் சோதனை. ஓடை ஓரத்தில் பேரல்களில் பதுக்கியிருந்த சாராய ஊறல் கண்டுபிடிப்பு. இத்தனை லிட்டர் அதே இடத்தில் கொட்டி அழிப்பு. தப்பியோடியவர்களைத் தேடும் பணி தீவிரம். கூடவே பேரலைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்கும் போலீஸாரின் படம். லிட்டர் எண்ணையும் ஊர்ப்பெயரையும் மாற்றிவிட்டால் இந்த மாதச் செய்தியை அடுத்த மாதமும் அப்படியே போடலாம்.

ஊறல் என்பது காய்ச்சுவதற்கு முந்தைய நிலை. வெல்லத்தோடு கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டுத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். பேரல் ஓடையை ஒட்டிய புதரில் பாதி புதைந்திருக்கும். மேலே தழை போட்டு மூடியிருக்கும். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வாடைதான். கடுக்காயும் பட்டையும் மலையிலேயே கிடைக்கும். வெல்லம் மட்டும் கீழ்நாட்டிலிருந்து மூட்டையாக ஏற வேண்டும். ஆகவே மலைச்சாலையில் வெல்ல மூட்டையோடு போகும் வண்டி என்றாலே போலீஸாருக்குச் சந்தேகம்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த லிட்டர் எண்ணைத்தான். ஓர் அரசு எதை எண்ணிக் குறித்து வைக்கிறது என்று பார்த்தால், எதை நோயாகக் கருதுகிறது என்று தெரிந்துவிடும். கடந்த 140 ஆண்டுகளில் மது விஷயத்தில் நம் அரசுகள் எண்ணியவை பலமுறை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின் தழும்பும் கல்வராயன் மலைமேல் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள ஓர் அறிவியல் வரலாற்றாசிரியரின் துணை வேண்டும். தாமஸ் கூன் என்ற அமெரிக்கர் 1962-இல் ‘அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு’ என்ற நூலை வெளியிட்டார். அறிவியல் செங்கல் செங்கலாக அடுக்கி வளர்வதாகப் பள்ளியில் படிக்கிறோம். கூன் அதை மறுத்தார். ஒரு காலத்து அறிவியலாளர்கள் எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள் நின்றுதான் வேலை செய்கிறார்கள். எது கேட்கத் தகுந்த கேள்வி, எது சரியான விடை, எதை அளக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டகமே சொல்லிவிடுகிறது. அதற்குள் பொருந்தாத உண்மைகள் அவ்வப்போது தலைகாட்டும். முதலில் அவற்றை ஒதுக்குவார்கள். பிறகு சட்டகத்தில் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பார்கள். பூமியே நடுவில் நிற்கிறது என்று நம்பிய காலத்தில், கோள்கள் வானில் பின்னோக்கி நகர்வதை விளக்க வட்டத்துக்குமேல் வட்டமாக வரைந்துகொண்டே போனார்கள். ஒட்டுகள் தாங்காத ஒரு கட்டத்தில் சட்டகமே உடைந்து, கோப்பர்நிக்கஸின் சூரிய மையக் கொள்கை அந்த இடத்துக்கு வந்தது.

கூன் சொன்னது இயற்பியலையும் வேதியியலையும் பற்றி. அதை அரசின் கொள்கைகளுக்குப் பொருத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஹால். 1970-க்கும் 1989-க்கும் இடையில் பிரிட்டனின் பொருளாதாரக் கொள்கை எப்படி மாறியது என்று ஆராய்ந்து 1993-இல் அவர் எழுதிய கட்டுரை, கொள்கை மாற்றத்தில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. கருவி அதுவே இருக்க, அளவை மட்டும் கூட்டுவதும் குறைப்பதும் முதல் படி. வட்டி விகிதத்தை ஏற்றி இறக்குவது அப்படிப்பட்டது. நோக்கம் மாறாமல் புதுக் கருவியைக் கையில் எடுப்பது இரண்டாம் படி. எதற்காக இதைச் செய்கிறோம் என்பதே மாறிப்போவது மூன்றாம் படி. வேலையில்லாத் திண்டாட்டத்தைக் குறைப்பதைத் தலையாய கடமையாக வைத்திருந்த பிரிட்டன், பணவீக்கத்தை அடக்குவதை அந்த இடத்தில் வைத்தது மூன்றாம் படி மாற்றம். அங்கே மாறியது விகிதம் மட்டுமில்லை. யார் சொல்வதை அரசு கேட்க வேண்டும் என்பதும் மாறியது.

இந்த அளவுகோலோடு நம் கதைக்கு வருவோம்.

1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி) சட்டத்தை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். கடைகளை ஏலம் விட்டார்கள். மரத்துக்கு வரி போட்டார்கள். குறைந்த குடியிலிருந்து நிறைந்த வருவாய் என்பது வெள்ளைக்கார அரசு வாயால் சொன்ன கொள்கை. நடைமுறையில் முதல் பாதி மறைந்து, இரண்டாம் பாதி மட்டும் நின்றது. அந்தச் சட்டகத்தில் எண்ணப்பட்டது ரூபாய். குடித்தவன் வீட்டில் உலை கொதித்ததா என்பதைக் குறிக்க அதன் பேரேட்டில் பத்தியே கிடையாது.

முதல் உடைப்பு 1937-இல் நிகழ்ந்தது. மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற ராஜாஜி அதே ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மட்டும் அமல்படுத்தினார். சேலம் அவருடைய சொந்த மண். சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, கல்கியைத் துணையாசிரியராக வைத்துக்கொண்டு மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழ் நடத்தியவர். குடியால் நசிந்த வீடுகளை அருகிலிருந்து பார்த்த ஒருவர் ஆட்சிக்கு வந்ததும், அரசு கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. கஜானாவுக்கு எவ்வளவு வந்தது என்ற கேள்வியின் இடத்தில், வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி வந்தது. ஹாலின் கணக்கில் இது ஐயத்துக்கு இடமில்லாத மூன்றாம் படி.

இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, 1939-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த பொது விற்பனை வரி. கள், சாராய வருவாய் போனால் மாகாணத்தை எதைக்கொண்டு நடத்துவது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை அது. இன்று இந்தியா முழுவதும் நாம் பொருள் வாங்கும்போது கட்டும் வரியின் முன்னோடிகளில் ஒன்று, மதுக்கடையை மூடியதால் பிறந்தது. நோக்கத்தை மாற்றிய ஓர் அரசு தன் வருவாய் அமைப்பையும் சேர்த்தே மாற்றத் துணிந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். இரண்டாவது, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலத்தில் நடத்திய ஆய்வு. மதுவிலக்கின் பொருளாதார விளைவுகள் என்ன என்பதே அதன் கேள்வி. ஒரு கொள்கையை ஒரே மாவட்டத்தில் நடத்திப் பார்த்து, மக்களின் வாழ்வில் அது என்ன செய்தது என்று அளந்துபார்க்கும் வழக்கம் அப்போது நாட்டில் அரிது.

கல்வராயன் மலைக்கு இதில் விசித்திரமான ஒரு நிலை. மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். கள்ளக்குறிச்சிப் பக்கம் தென்னார்க்காடு. மதுவிலக்கு சேலத்துக்குப் பிறகு 1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-இல் வடஆர்க்காட்டுக்கும் போனது. தென்னார்க்காடு அந்த வரிசையில் வரவில்லை. ஆக, ஒரே மலையில் ஒரு சரிவில் குடி குற்றம், மறு சரிவில் குத்தகை எடுத்த கடை. போதாததற்கு மலைமேல் ஜாகிர்கள் என்ற பரம்பரை நில ஆட்சிகள் வேறு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் பிடியில் மலையாளிப் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் கல்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதாக அவர்களே தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். ஜாகிர் ஆட்சியின் பிடி 1976 வரை அங்கே நீடித்தது. நாடு விடுதலையாகி ஒரு தலைமுறை கடந்த பிறகும் பள்ளி, சாலை, மருத்துவமனை எனப் பொது அரசின் முகம் எதுவும் மலைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த முகங்கள் வனத்துறையும் மதுவிலக்குப் போலீஸும்.

ராஜாஜியின் சட்டகத்துக்கு என்ன ஆனது? 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. விடுதலைக்குப் பின் 1948 அக்டோபரில் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. என் பார்வையில், அப்படி விரிந்தபோதே உள்ளே ஒரு மாற்றமும் நேர்ந்துவிட்டது. சேலத்தில் குடும்பத்தை அளந்த சட்டகம், மாகாணம் முழுவதும் வழக்குகளை அளக்கத் தொடங்கியது. கைதானவர் எத்தனை பேர், பிடிபட்ட சாராயம் எவ்வளவு, உடைத்த அடுப்பு எத்தனை. நோக்கம் காகிதத்தில் அப்படியே இருந்தது. அன்றாடம் எண்ணுவது போலீஸ் கணக்காகிவிட்டதால், கொள்கையும் போலீஸ் வேலையாகிவிட்டது. பேரலைச் சாய்க்கும் படத்தின் பிறப்பு அங்கேதான்.

அடுத்த உடைப்பை இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு தளர்த்தியது, 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது, 1987-இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன, 2003-இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இந்தத் தேதிகளில் பல முதல் படியும் இரண்டாம் படியும்தான். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் 1971-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது ஒரு மூன்றாம் படி மாற்றம். வருவாய் மீண்டும் நோக்கமாகிவிட்டது. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கூனின் கோட்பாட்டை அரசாட்சிக்குப் பொருத்தும்போது ஓரிடத்தில் நிதானிக்க வேண்டும். அறிவியலில் தோற்ற சட்டகம் வெளியேறிவிடும். பூமி நடுவில் நிற்பதாக வைத்துக்கொண்டு இன்று யாரும் செயற்கைக்கோள் ஏவுவதில்லை. அரசாட்சியிலோ பழைய சட்டகம் சாகாது. புதியதன் அடியிலேயே உயிரோடு கிடக்கும். டாஸ்மாக் கடைகள் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன? 1937-இல் ராஜாஜி கொண்டுவந்த அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி. ஒரே சட்டத்தின் பெயரால் கீழ்நாட்டில் கடை திறக்கிறது, மலையில் பேரல் சாய்கிறது. வருவாய்க்காரர்களும் ஒழுக்கக்காரர்களும் போலீஸாரும் ஒரே கோட்டையில் ஆளுக்கொரு பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாருடைய பேரேடும் மற்றவருடையதைப் பொய்யாக்குவதில்லை. நெருக்கடி வந்தும் சட்டகம் உடையாமல் தப்பிப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நெருக்கடிகள் வராமல் இல்லை. 2001-இல் பண்ருட்டிப் பகுதியில் 50-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2008-இல் கர்நாடக எல்லையிலும் கிருஷ்ணகிரிப் பகுதியிலும் நூற்றுக்கு மேற்பட்டோர். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கு மேற்பட்டோர். மறு ஆண்டே கள்ளக்குறிச்சி.

2024 ஜூன் 18 இரவு தொடங்கியது அது. சாவுகள் விழுந்த கருணாபுரம் மலையடிவாரக் கிராமமில்லை. கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் குடியிருப்பு. பாக்கெட் சாராயம் டாஸ்மாக் குவார்ட்டரின் விலையில் பாதிகூட இல்லை. வேலை முடிந்து வரும் தினக்கூலிக்காரர்கள் வாங்கிக் குடித்தார்கள். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். மறுநாள் காலை வீடுகளில் பிணம் விழத் தொடங்கியது. முதற்கட்டத்தில் மாவட்ட நிர்வாகம், சாவுக்குக் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை ஏற்கவில்லை. அந்த நேரத்திலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த இடத்திலும் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. கடைசியில் இறந்தவர்கள் 65 பேருக்கும் மேல். பெண்களும் அவர்களில் உண்டு.

கொன்றது மெத்தனால். அது ஓடையோரத்து ஊறலில் விளைவதில்லை. ஆலையில் தயாராகி, பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் போகும் திரவம். டேங்கரிலும் டிரம்மிலும் பில் போட்டுப் போகவேண்டிய சரக்கு. அதைக் கட்டுப்படுத்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-லேயே தனி விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. மலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறலைக் கொட்டினாலும் ஆலை மெத்தனால் ஒரு சொட்டுகூடக் குறையாது. மாறாக, மலைச் சரக்கின் வரத்து அடைபடும் நேரத்தில் கீழ்நாட்டு வியாபாரிக்கு மெத்தனால் கலப்பதில் லாபம் கூடும் என்று அஞ்ச இடமிருக்கிறது. கூன் சொன்ன பொருந்தாத உண்மை இதுதான். அழித்த லிட்டர் ஏறிக்கொண்டே போக, சாவும் ஏறினால், நாம் தவறான பொருளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மெத்தனால் உடம்பில் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொள்கையின் கோளாறு அங்கே வெளிச்சமாகிறது. மெத்தனால் தானாகக் கொல்வதைவிட, கல்லீரல் அதை மாற்றும்போது உண்டாகும் ஃபார்மிக் அமிலம்தான் கொல்கிறது. பார்வை நரம்பை முதலில் தாக்குகிறது. இது நடக்கப் பல மணி நேரமாகும். கூடவே சாதாரணச் சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவரை ஃபோமெபிசோல் மருந்தோ, மருத்துவர் அளவோடு கொடுக்கும் எத்தனாலோ, டயாலிசிஸோ காப்பாற்றலாம். ஆகவே முதல் சாவு விழுந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இன்னும் யார் யார் குடித்தார்கள் என்பது. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல வேண்டும். குடித்ததை ஒத்துக்கொண்டால் வழக்கு வராது என்று உறுதி தர வேண்டும். போலீஸ் சட்டகத்தின் முதல் கேள்வியோ, யார் விற்றது என்பது. அதுவும் தேவையான கேள்விதான். அது முதலில் வந்துவிட்டால், குடித்தவர் கண் மங்கும்வரை வீட்டுக்குள் ஒளிந்துகொள்வார்.

இதே பாடத்தை அமெரிக்கா நூறு ஆண்டுகளுக்கு முன் படித்தது. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிக் குடிப்பதைத் தடுக்க, 1926-27 வாக்கில் அரசே அதில் மெத்தனால் அளவைக் கூட்டச் சொன்னது. நியூயார்க் நகரத் தலைமைச் சவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், தன் மேசைக்கு வந்த பிணங்களைக் கணக்கெடுத்து, இந்தச் சாவுகளுக்கு அரசே தார்மிகப் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். சட்டத்தை அமலாக்கியவர்கள் பிடிபட்ட சரக்கை எண்ணினார்கள். நாரிஸ் செத்தவர்களை எண்ணினார். உண்மை அவர் பேரேட்டில்தான் இருந்தது.

கள்ளக்குறிச்சிக்குப் பின் நடந்தவற்றை ஹாலின் படிகளில் ஏற்றிப் பாருங்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம். ஜூன் மாத இறுதியில் சட்டமன்றம் 1937 சட்டத்தைத் திருத்தி, மரணம் விளைவிக்கும் கள்ளச்சாராயத்தை விற்றால் ஆயுள் சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் என்றது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது, டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்டனையின் அளவைக் கூட்டியது முதல் படி. அதற்கு மேல் ஒரு படியும் ஏறவில்லை.

ஒன்றே ஒன்று வேறு திசையில் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை உண்டா, பேருந்து உண்டா, ரேஷன் கிடைக்கிறதா, பள்ளி நடக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா என்று அரசைக் கேட்டது. மரவள்ளிக்கும் கடுக்காய்க்கும் உள்ள விலையில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா என்று யாரும் கேட்காத மலையில், சாராயம் ஏன் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்விக்குக் குற்றவியலைத் தாண்டிய விடை தேடும் முயற்சி அது. நீதிமன்றத்தில் பிறந்த அந்தக் கேள்வி தலைமைச் செயலகத்தில் இன்னும் சட்டகமாகவில்லை.

மாற்றுச் சட்டகம் கற்பனை இல்லை. போர்ச்சுகல் 2001-இல் போதைப்பொருளைத் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் உட்காரும் ஆலோசனைக் குழுக்களிடம் கொடுத்தது. விற்பவன் அங்கே இன்றும் குற்றவாளி. உபயோகிப்பவர் நோயாளி. அதை அப்படியே இங்கே எடுத்து வைக்கச் சொல்லவில்லை. சேலத்தில் 1937-இல் ஒரு மாவட்டத்தை எடுத்துச் சோதித்து, பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு அளக்கச் செய்த துணிச்சல் நம்முடையது. 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி அதே சோதனைக்கு ஏற்ற அளவுடையது. மாவட்டத்துக்குள் வரும் மெத்தனால் ஒவ்வொரு லிட்டரும் எங்கே போனது என்ற கணக்கு, சந்தேகச் சாவு விழுந்த எத்தனையாவது மணி நேரத்தில் எச்சரிக்கை போனது என்ற கணக்கு, கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையில் குடியிலிருந்து மீள வருபவருக்குச் சிகிச்சை கிடைத்ததா என்ற கணக்கு. மாவட்ட நிர்வாகம் மாதந்தோறும் இந்த மூன்றையும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். அழித்த ஊறலின் லிட்டர் கணக்கு அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

அடுத்த வாரம் ஜாகிர் காலத்துக் கல்வராயன் மலைக்குப் போகிறோம். 1976-க்கு முந்தைய மலை வாழ்க்கையை நேரில் கண்ட பெரியவர்கள் வெள்ளிமலை, கரியாலூர், கருமந்துறைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அறிந்த வாசகர்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அரசு ஆவணங்களில் அந்தக் காலத்துப் பக்கங்கள் மிகக் குறைவு.

(தொடரும்)